துவைத்தால் சுருங்கும்

தேவதானப்பட்டி
6.8.2024

அன்பான அக்காவுக்கு மகிமா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்று எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த வரியை எழுதினேன் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மாமாவும் சுகமா? மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டரை வருடம் ஆகிறது. சின்னமனூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இரண்டு பஸ், இரண்டு மணி நேரம். அதற்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தபாலாபீசில் இருக்கிற பெண், "இன்னுமா லெட்டர் எழுதுறீக?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

செல்வரூபியின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. அந்தக் கோபம் உனக்கு இருக்கும். உன் பிள்ளை பத்தொன்பது நாள்தான் இருந்தாள் என்றாலும் எனக்கும் அவள் பிள்ளைதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து எனக்கு ஜூனில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மாமா சொல்லியிருப்பார். டிசம்பர் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். நேற்று என் மாமியார் கேட்டார்கள்: "ஏத்தா, ஒங்க வீட்ல பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்துக்குப் போடுற கவுன் ஒண்ணு இருந்துச்சாமே. ஒங்கம்மா கையால பின்னுனதாமே. அத வாங்கிட்டு வாயேன்." அம்மா பின்னிய அந்தக் கவுனில்தான் நீயும் நானும் ஞானஸ்நானம் வாங்கினோம். என் மகனுக்கும் அதுதான் வேண்டும். உன்னிடம் சும்மாதானே கிடக்கும்?

கவுனோடு நீயும் வர வேண்டும். நீதான் அவனுக்கு ஞானத்தாயாக நின்று கையில் வாங்க வேண்டும். வேறு யாரையும் நான் கேட்கப்போவதில்லை.

உன் தங்கை,
மகிமா

சின்னமனூர்
29.8.2024

மகிமாவுக்கு,

உங்கள் சுகம் அறிந்தேன். இங்கே சுகம். திராட்சைப் பந்தலுக்குள் நாள் முழுவதும் குனிந்து நிற்கிறவருக்கு முழங்கால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது.

கவுன் கொடுப்பதற்கில்லை.

அம்மாவின் நோட்டில் அதன் முறை இருக்கிறது. அப்படியே எழுதி அனுப்புகிறேன். நீயே பின்னிக்கொள். மூன்று மாதம் தாராளம்.

வெள்ளைப் பருத்தி நூல் எட்டு உருண்டை. மெல்லிய குரோஷா ஊசி. கழுத்துக்குச் சங்கிலி 96. மேல் பாகம், அதாவது யோக், முழுவதும் டபுள், 24 வரிசை. பாதியில் கை நுழைக்க இடம் விடு. அதற்குக் கீழே பாவாடை. ஒரே கண்ணியில் ஐந்து டிரெபிள் போட்டால் ஒரு விசிறி. இரண்டு கண்ணி விட்டு அடுத்த விசிறி. இப்படி 30 வரிசை. வரிசையின் முடிவை ஆரம்பத்தோடு ஒட்டும்போது மட்டும் சிங்கிள்.

ஞானத்தாய் விஷயம் பிறகு பார்க்கலாம்.

எப்சிபா

தேவதானப்பட்டி
14.9.2024

அன்பான அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. "கவுன் கொடுப்பதற்கில்லை." நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி இரண்டே வார்த்தை. காரணம் கேட்டால் இன்னொரு நோட்டீஸ் வரும், அதனால் கேட்கவில்லை. முறையை எழுதி அனுப்பினாயே, அதுவே பெரிது.

மாமியாரிடம், "கவுன் பழசாகி நைஞ்சு போச்சாம், புதுசா நானே பின்றேன்" என்று சொல்லிவிட்டேன். "ஒனக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா?" என்றார்கள். தெரியாது. அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் தெருவில் ஆடிக்கொண்டிருந்தேன். இப்போது யூடியூபில் ஒரு அமெரிக்கக்காரி சொல்லித்தருகிறாள். பிள்ளை தூங்குகிற நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் விரலை மட்டும் பார்க்கிறேன்.

நான் படித்துக்கொண்டது இது. ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கிற இரண்டையும் ஒரே தடவையில் முடித்தால் சிங்கிள். கண்ணிக்குள் விடுவதற்கு முன்பே நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, இரண்டு தடவையாக முடித்தால் டபுள். இரண்டு சுற்று சுற்றினால் டிரெபிள். சிங்கிள் குட்டையாக இருக்கிறது, டபுள் அதைவிட உயரம், டிரெபிள் அதையும்விட உயரம். சரிதானே? தப்பாக இருந்தால் இப்போதே திருத்து. எனக்கு உன்னை விட்டால் கேட்க ஆளில்லை.

தேனியில் நூல் வாங்கியாயிற்று. நாளை சங்கிலி போடுகிறேன். நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டுதான் போடுகிறேன்.

மகிமா

சின்னமனூர்
3.10.2024

மகிமாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

நூலை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே, விரல் வெட்டும். இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு தரம் சுற்றிக்கொண்டால் ஓட்டம் சீராக வரும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 96 இருக்கிறதா என்று எண்ணு. புதிதாகப் பழகுகிறவர்கள் ஓரத்துக் கண்ணியை விட்டுவிடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் பிரித்துவிட்டுப் போடு, ஒப்பேற்றாதே. கை ஈரமாக இருக்கும்போது தொடாதே, வெள்ளை நூல் அழுக்கைப் பிடிக்கும்.

இங்கே மழை சரியாக இல்லை. வேறு விசேஷமில்லை.

எப்சிபா

தேவதானப்பட்டி
17.10.2024

அன்பான அக்காவுக்கு,

பிள்ளைக்கு லேசான சளி. மற்றபடி சுகம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

யோக் முடித்துவிட்டேன். 24 வரிசை, வரிசைக்கு 96, நீ சொன்னபடி எண்ணி எண்ணித்தான் போட்டேன். தூக்கத்தில்கூட எண்ணுகிறேன் என்று உங்கள் மாப்பிள்ளை கேலி செய்கிறார். உரக்கடையில் மூட்டை எண்ண என்னை வரச் சொல்கிறார்.

ஆனால் அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். அகலம் சரியாக இருக்கிறது. உயரம்தான் எங்கேயோ போகிறது. யோக் என்றால் நெஞ்சு வரைதானே? இது பிள்ளையின் தொப்புளுக்குக் கீழே தொங்குகிறது. கை நுழைக்கிற ஓட்டை இடுப்புப் பக்கம் இருக்கிறது. அம்மாவின் கவுனில் யோக் நாலு விரல்கூட இருக்காதே. வரிசை 24 தானா, 12 என்பதை மாற்றி எழுதிவிட்டாயா? ஒட்டுகிற இடமெல்லாம் வேறு வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது.

நீ சொன்னால் பிரித்துவிடுகிறேன். இன்னும் நாள் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

மகிமா

சின்னமனூர்
24.10.2024

மகிமாவுக்கு,

சுகம். பிள்ளைக்குச் சளி என்றால் ராத்திரியில் தலைக்குத் துணி கட்டு.

24 தான். நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. பருத்தி நூல். துவைத்தால் சுருங்கும். பிரிக்காதே. மேலே போடு.

எப்சிபா

தேவதானப்பட்டி
23.11.2024

எப்சிபா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய்.

கவுன் முடிந்தது. எட்டு உருண்டை போதாமல் பதினைந்து உருண்டை. கையெல்லாம் காய்ப்பு. நேற்று துவைத்தேன். சுருங்கவில்லை. வெந்நீரில் போட்டேன். சுருங்கவில்லை. வெயிலில் காயவைத்து, இன்று காலையில் சபைப் பெண்கள் நாலு பேர் வந்திருக்கும்போது பிள்ளைக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளை உள்ளே எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது. கால் முடிந்து இன்னொரு பிள்ளை அளவுக்குத் துணி கீழே கிடக்கிறது. என் மாமியார், "இதென்ன, மூணு பிள்ளைக்குச் சேத்துப் பின்னிட்டியா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

ஒரு மாதத்துக்கு முன்னாலேயே உன்னைக் கேட்டேன். யோக் பெரிதாக இருக்கிறது, பிரிக்கட்டுமா என்று கேட்டேன். நீ பிரிக்காதே என்றாய்.

நீ வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். கவுனையும் தரமாட்டாய், ஒன்றைப் பின்னிக்கொள்ளவும் விடமாட்டாய். உன் மடியில் பிள்ளை இல்லை, என் மடியில் இருக்கிறது. அந்த வயிற்றெரிச்சல்தான் இது. இப்படிப்பட்ட கையில் என் மகனைக் கொடுப்பேனா? நீ வர வேண்டாம்.

மகிமா

தேவதானப்பட்டி
11.12.2024

அன்பான அக்காவுக்கு,

எந்த முகத்தோடு சுகம் விசாரிப்பது என்று தெரியவில்லை. சுகமாக இரு என்று ஜெபிக்கிறேன்.

பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டதால் ஞானஸ்நானத்தை ஜனவரி 5-க்குத் தள்ளியிருக்கிறோம். கடையில் கவுன் எடுக்கத் தேனிக்குப் போனவள், நான் நூல் வாங்கிய கடைக்கும் அந்தப் பாழாய்ப்போன கவுனைத் தூக்கிக்கொண்டு போனேன், இரண்டு திட்டாவது திட்டலாம் என்று. கடை வைத்திருப்பது ஃபர்ஹீன் என்று ஒரு பெண். உத்தமபாளையத்துக்காரி, தொழுகைத் தொப்பி பின்னுகிற குடும்பம். அவள் கவுனையும் பார்த்தாள், உன் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஒங்கம்மா மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவுகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்ப இதுல தப்பு ஒண்ணும் இல்லக்கா. ஒங்கம்மா எழுதுனது வெள்ளைக்காரத் துரைசானிக சொல்லிக்குடுத்த இங்கிலாந்துக் கணக்கு. நீங்க பாத்த வீடியோ அமெரிக்காக் கணக்கு. அமெரிக்காவுல சிங்கிள்னு சொல்றதத்தான் இங்கிலாந்துல டபுள்னு சொல்லுவாக. அங்கன டபுள்னா இங்கன டிரெபிள். பேரு ஒண்ணு, உசரம் வேற. ஒங்கம்மா சொல்ற சிங்கிள் சும்மா ஒட்டுற முடிச்சு, அம்புட்டுத்தான்."

எனக்குத் தலை சுற்றியது. அவள் சிரித்தாள். "எங்க வீட்ல இந்த ரெண்டு கணக்குப் பேரையும் சொல்றதே இல்ல. குட்டை, நெட்டை, ரெட்டை நெட்டை. ஏமாற மாட்டோம்ல." என் முன்னாலேயே அம்மாவின் டபுளை ஐந்து வரிசை போட்டுக் காட்டினாள். விரல் நுனி அளவுதான் வந்தது. இருபத்து நாலு வரிசைக்கு நாலு விரல்கூட வராது. அம்மாவின் கவுனில் இருந்த அதே நெருக்கம். நான் அந்தக் கடையில் நின்றே அழுதேன்.

நீ அம்மாவின் நோட்டை எழுத்து மாறாமல் எழுதி அனுப்பியிருக்கிறாய். அமெரிக்கக் கணக்கு உனக்கெங்கே தெரியப்போகிறது? என் மடத்தனத்துக்கு உன் மேல் பழி போட்டுவிட்டேன். வயிற்றெரிச்சல் என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்தால் தகும்? என்னை மன்னித்துவிடு அக்கா. ஜனவரி 5-க்கு நீ வா. கடைக் கவுன் போதும். நீ வந்தால் போதும்.

உன் மகிமா

சின்னமனூர்
26.12.2024

மகிமாவுக்கு,

பண்டிகை வாழ்த்து. மாமா கேக் வாங்கி வந்தார். நான் வெட்டவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்று பத்து நாள் பார்த்தேன். முடியவில்லை.

எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக இங்கே தையல் பயிற்சி வகுப்பில் குரோஷாவும் நான்தான் சொல்லித்தருகிறேன். எல்லோரும் போனைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள். முதல் நாள் முதல் பாடமாக நான் போர்டில் எழுதுவதே இதைத்தான்: அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் நமக்கு டபுள், அவர்கள் டபுள் நமக்கு டிரெபிள். உனக்கு முறை எழுதி அனுப்பும்போது இது நினைவில் இல்லை, அது சத்தியம். ஆனால் நீ சிங்கிள் என்றால் இது, டபுள் என்றால் இது என்று விவரமாக எழுதி, தப்பாக இருந்தால் திருத்து என்று கேட்டாயே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும். பேனாவை எடுத்து, நூலை எப்படிப் பிடிப்பது என்று எழுதினேன். யோக் நீளமாக இருக்கிறது என்று நீ கேட்டபோது இரண்டாம் தடவையும் தெரியும். அப்போதுதான் துவைத்தால் சுருங்கும் என்று எழுதினேன். அது பொய்.

ஏன் என்று கேட்பாய். நீ "சும்மாதானே கிடக்கும்" என்று எழுதியிருந்தாய். அது சும்மா கிடக்கவில்லை. ரூபி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்று, சபை ஐயரை வரவழைத்து அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தோம். அம்மாவின் கவுனைத்தான் போட்டேன். மறுநாள் அதோடுதான் பெட்டியில் வைத்தோம். நீ வந்திருந்தால் பார்த்திருப்பாய். வயிற்றில் ஒன்று தங்க வேண்டும் என்று தவமிருக்கிறவள் சாவு வீட்டுக்குப் போனால் ஆகாது என்று நீ வரவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன், இன்னும் நினைக்கிறேன்.

உன் பிள்ளைக்கு நீ பின்னுகிற கவுன் அளவெடுத்தது போல அமைந்துவிடக் கூடாது என்று நினைத்தேன் மகிமா. நீ எழுதியது சரி. வயிற்றெரிச்சல்தான். அதனால் நான் வருவதாக இல்லை. நீ மறுபடி கூப்பிட்டாலும் வரமாட்டேன். இந்தக் கையில் பிள்ளையை வாங்க எனக்கே மனம் ஒப்பாது.

எப்சிபா

தேவதானப்பட்டி
8.1.2025

அக்காவுக்கு,

ஞானஸ்நானம் முடிந்தது. கடையில் எடுத்த கவுன் கழுத்தில் குத்தி, பிள்ளை ஆராதனை முழுவதும் அழுதான். என் மாமியாரின் தங்கை ஜெபமணி ஞானத்தாயாக நின்றார்கள். பெயர் ஆபிரகாம் மகிழன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் என் பக்கம் இருப்பதையும் எழுதிவிடுகிறேன்.

கவுன் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அடக்கம் முடிந்த அன்றே மாமா போனில் சொன்னார்: "அத்தை பின்னுன கவுனையே போட்டு அனுப்பிட்டம்மா. ஒங்கக்கா வேற எதையும் போட விடல." தெரிந்துகொண்டுதான் உன்னிடம் கேட்டேன். சும்மாதானே கிடக்கும் என்று எழுதியதும் தெரிந்துதான். மாமியார் கேட்டது நிஜம். ஆனால் அவர்கள் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன்.

அன்று நான் சகுனம் பார்த்து வீட்டில் இருக்கவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கருவை உள்ளே வைத்து நாலாவது நாள். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. அதற்கு முன்னால் இரண்டு போயிருந்தன. உனக்கு எதுவும் சொல்லவில்லை. நீ நிறைமாதமாக இருந்தாய், எப்படிச் சொல்வது? பிறகு நீ போனை எடுக்கவில்லை.

அந்தப் படுக்கையில் கிடந்துகொண்டுதான் மாமா சொன்னதைக் கேட்டேன். உன் பிள்ளை போனதற்கு அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது, அது இன்று வரை போகவில்லை. அந்தக் கவுன் எனக்கும்தானே? அம்மாவுக்கு நாம் இரண்டு பேர்தானே? என் பிள்ளைக்கும் வேண்டுமே என்று உனக்கு ஒரு நிமிடம் தோன்றியிருந்தால் நீ அதை மண்ணில் வைத்திருப்பாயா? மகிமாவுக்கு இனிமேல் பிறக்காது என்று முடிவு கட்டித்தானே வைத்தாய்? இதை உன் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்றுதான் அந்த முதல் கடிதம் எழுதினேன்.

இப்போது சொல். அன்று அதை அவளுக்குப் போட்டு அனுப்பும்போது என்னைப் பற்றி என்ன நினைத்தாய்?

மகிமா

சின்னமனூர்
2.2.2025

மகிமாவுக்கு,

ஆபிரகாம் மகிழன் நீடூழி வாழட்டும்.

உனக்கு மூன்று போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சகுனம் என்று எழுதியிருக்க மாட்டேன். டபுள் விஷயத்தில் செய்ததைச் செய்திருப்பேனா என்று கேட்டால், செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நீ கேட்டதற்கு நாலு நாளாகப் பதில் தேடினேன். உனக்கு ஆறுதலாக ஒன்று, எனக்கு ஆறுதலாக ஒன்று என்று எழுதி எழுதிக் கிழித்தேன். உள்ளதை எழுதிவிடுகிறேன். உனக்குப் பிறக்காது என்று நான் முடிவு கட்டவில்லை. உனக்கு வேண்டும் என்று எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. அம்மா நினைவும் இல்லை. அன்று உன்னை நான் நினைக்கவே இல்லை, மகிமா.

மார்கழி மாதம். பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் துணிதான் விரித்திருந்தார்கள். குளிருமே என்று நினைத்தேன்.

எப்சிபா